கெடையாது அக்காவின் ஆமாங்க

ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் அவள் கெடையாது அக்காதான். யார் என்ன சொன்னாலும் முதலில் "அதெல்லாம் கெடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் காது கொடுப்பாள். "மேக்க இருட்டிக்கிட்டு வருதுக்கா, மழை கொட்டப் போகுது" என்றால், "அதெல்லாம் கெடையாது, இது சும்மா வேசம் கட்டுற மேகம்" என்பாள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். நனைந்த கம்பளியைப் பிழிந்துகொண்டே, "இதுக்குப் பேரு மழையா?" என்று எங்களைக் கேட்பாள்.

மலையிலிருந்து தகரக் குழாயில் வந்து விழும் தண்ணீரை நாங்கள் பீலி என்போம். டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பீலியடியில் அவளோடு வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் யாருமில்லை. வரிசை யாருடையது, குடம் யாருடையது, போன தீபாவளிக்கு ஆடு வெட்டியது யார் வீட்டில் என்று எதை எடுத்தாலும் அவளிடம் ஒரு மறுப்பு தயாராக இருக்கும். அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், அதுதான் எரிச்சல். எனக்கு அவளைப் பிடிக்கும். சண்டை போட்ட கையோடு, "அடியே, கொழம்பு வச்சிருக்கேன், கிண்ணம் எடுத்துக்கிட்டு வா" என்று கூப்பிடும் ஆள் வேறு யார் இருந்தார்கள்?

கொழுந்து மலையில் அவளும் நானும் அடுத்தடுத்த நிரை. அங்கேயும் கங்காணி ஏதாவது சொன்னால் மறுத்துப் பேசுவாள். கணக்கப்பிள்ளையோடு கொழுந்து நிறுக்கும் இடத்தில் மல்லுக்கு நிற்பாள். அதுவரைக்கும் சரி. அதற்கு மேலே, தலையில் தொப்பியும் காலில் பூட்ஸுமாக ஒருவர் வந்து நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், அவள் வேறு ஆளாகிவிடுவாள். தோள் இரண்டும் உள்ளே போகும். முக்காடு இறங்கும். கேட்டவருடைய முகத்தைப் பார்ப்பாள், ஆனால் பார்வை அங்கே இருக்காது. வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வரும். "ஆமாங்க."

ஒரு நாள் கண்டாக்கு ஐயா வந்தார். மலை வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர் அவர். யாரோ ஒருத்தியின் கூடையிலிருந்து முற்றிய இலையை அள்ளி எடுத்து, நேரே அக்காவிடம் வந்து, "இது நீ எடுத்ததுதானே?" என்றார். அக்காவின் கூடை அவள் முதுகில் இருந்தது. அதில் ஒரு முற்றின இலையை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தமாக எடுப்பாள். "ஆமாங்க" என்றாள். அன்று அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. முழு நாளும் வேலை செய்துவிட்டு அரை நாள் சம்பளம்.

ஐயா அந்த முடுக்கைத் திரும்பியதும் ஆரம்பித்தாள் பாருங்கள். "யாரோ எடுத்த முத்தலுக்கு நான் ஏன்டி தெண்டம் கட்டணும்? எங்கூடையில காட்டச் சொல்லுடி பாப்போம்!" என்று மலை அதிரக் கத்தினாள். "அக்கா, நீங்கதானே ஆமாங்கன்னு சொன்னீங்க?" என்றேன். "அதெல்லாம் கெடையாது" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. சொன்னதே அவளுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதே லேசாகப் பட்டது. ஆனாலும் சிரித்தேன்.

பல் பிடுங்கிய கதையை லயத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கன்னம் வீங்கி இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் தோட்டத்து மருந்து அறைக்குப் போனாள். துணைக்கு நான் போனேன். மருந்து கொடுக்கும் ஐயா நல்ல மனிதர்தான். பல் பிடுங்கும் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பல்லைத் தொட்டு, "இதா?" என்றார். "ஆமாங்க." நான் வாயைத் திறப்பதற்குள் பல் தட்டில் விழுந்துவிட்டது. முத்து மாதிரி பல், ஒரு சொத்தை கிடையாது. வலித்த பல் அதற்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

வீடு வரை வாயில் துணியை அடைத்துக்கொண்டு அவள் போட்ட சண்டையை எழுத முடியாது. பாதி சொற்கள் துணிக்குள்ளேயே போய்விட்டன. மறுவாரம் திரும்பப் போனோம். "இதா?" "ஆமாங்க." நல்ல வேளை, அந்த முறை அவர் தொட்டது சரியான பல். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்றாங்க, இவளுக்கு வாயிருந்தும் பல்லு போச்சு" என்று அவள் மாமியார் சொன்னாள். அதற்கும் அக்கா, "அதெல்லாம் கெடையாது" என்றாள்.

இதையெல்லாம் வைத்து அவளைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. அவள் கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஆடி மழையில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டும் நேரம். லயத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. அதன் அடியில் ஓடும் வடிகால் கானில் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாக மாறியதை அக்காதான் பார்த்தாள். பார்த்தவள் அலறவில்லை. ஒரு வீட்டுக்கு ஓர் அறையான காம்பராக்களின் ஒவ்வொரு கதவையும் தட்டி, "வெளிய வா. புள்ளயத் தூக்கு. பொட்டிய விடு" என்றாள். பெட்டியை எடுக்கத் திரும்பிப் போன ஒரு ஆம்பிளையைச் சட்டைக் காலரில் பிடித்து இழுத்துப் போட்டாள். கோயிலடியில் எல்லோரையும் நிறுத்தி வைத்து, "ஒங்க வீட்டுல எல்லாத் தலையும் இருக்கா? பேரச் சொல்லு" என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். கடைசிக் காம்பராவில் தூளியில் தூங்கிய கைக்குழந்தை வரவில்லை. தாய் மூத்தவன் தூக்கியிருப்பான் என்று நினைத்திருந்தாள், மூத்தவன் தாய் தூக்கியிருப்பாள் என்று நினைத்திருந்தான். அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்ப ஓடினாள். தூளியோடு அறுத்து எடுத்துக்கொண்டு அவள் கோயிலடி வந்து சேர்ந்த பிறகுதான் மேடு சரிந்தது. கடைசி இரண்டு காம்பராவும் மண்ணுக்குள் போயின. ஒரு உயிர் போகவில்லை.

அன்று அவள் செய்ததில் ஒரு பிழை கிடையாது. சொன்னதில் ஒரு சொல் மிகை கிடையாது.

மறுநாள் காலையில் பெரிய துரை குடையோடு வந்தார். கூடக் கண்டாக்கு ஐயாவும் வந்தார். சரிவைப் பார்த்துவிட்டு, துரை இங்கிலீசில் ஏதோ கேட்க, கண்டாக்கு ஐயா எல்லோருக்கும் முன்னால் நின்ற அக்காவைப் பார்த்து, "முந்தாநாளே எல்லாரையும் லயத்தை விட்டுப் போகச் சொல்லி ஆள் அனுப்பினோமே. வந்து சொன்னாங்கதானே?" என்றார்.

யாரும் வரவில்லை. யாரும் சொல்லவில்லை.

"ஆமாங்க" என்றாள் அக்கா.

துரை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சொல்லியும் கேட்காத ஜனங்கள் என்று ஆகிவிட்டது. வீட்டை இழந்த இரண்டு குடும்பமும் பல மாதம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் ஒரு மூலையில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்தின. பகலில் பிள்ளைகள் வருமுன் பாயைச் சுருட்ட வேண்டும். அந்தக் கைக்குழந்தையின் தாயே அக்காவின் முகத்துக்கு நேரே, "எம் புள்ளயக் காப்பாத்துன, எங்குடிய கெடுத்துட்ட" என்றாள். அதற்கு மட்டும் அக்கா மறுப்புச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பீலியடியில் அவளுடைய வரிசையில் வேறு யாரோ புகுந்து தண்ணீர் பிடித்தார்கள். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சரிகிற மண் யாரையும் கேள்வி கேட்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தொப்பிக்காரர் கேட்கும் கேள்வி அப்படியில்லை. பதிலை அவர் ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது, "நேத்து நேரம் கழிச்சுத்தானே வந்த?" என்றால், இல்லை என்று சொன்னவள் அன்று வேலையில்லாமல் லயத்துக்குத் திரும்புவாள். ஆமாங்க என்றவள் திட்டு வாங்கிக்கொண்டு மலைக்குப் போவாள். அக்காவின் தாய் அப்படிப் போனாள், தாயின் தாயும் போனாள். பிறந்ததிலிருந்து காதில் விழுந்து விழுந்து, நெருப்பைத் தொட்ட கை தானே பின்னால் வருவது மாதிரி அந்தச் சொல் அவளுக்குத் தானே வந்துகொண்டிருந்தது. லயத்து ஜனங்கள் அவளைப் புத்தி கெட்டவள் என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது பிரஜாவுரிமைக்கு வருகிறேன். நாடு சுதந்திரம் பெற்ற கையோடு சட்டம் வந்தது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லையாம். வேண்டுமானால் விண்ணப்பம் போட்டு, இத்தனை காலம் இடைவிடாமல் இங்கேதான் இருந்தோம், இனியும் இங்கேதான் இருப்போம் என்று காட்ட வேண்டுமாம். அக்காவுக்குக் கணவர் இல்லாததால் விண்ணப்பம் அவள் பெயரில் போனது. மூன்று பிள்ளைகளின் தலைவிதியும் அதற்குள் இருந்தது. எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்தான் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார். வருஷங்கள் ஓடின. மறந்தே போன சமயத்தில் ஒவ்வொரு குடும்பமாக ஹட்டனுக்கு விசாரணைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் முறை முதலில் வந்தது. என் கணவரையும் என்னையும் கேட்டார்கள். அவர் தடுமாறிய இடங்களில் நான் எடுத்துச் சொன்னேன். அவர் தகப்பனுடைய கருமாதிக்கு ஒரு முறை இந்தியாவில் ஊருக்குப் போய் வந்ததைக்கூட மறைக்காமல் சொன்னேன். வெளியே வந்ததும் தலைவர், "இப்புடிப் பேசணும்! எல்லாப் பொம்பளைங்களும் ஒன்ன மாதிரி இருந்தா எனக்குக் கவலையே இல்ல" என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

அடுத்த மாதம் அக்காவின் முறை. லயமே கலங்கியது. "இந்தியாவுக்குப் போனியான்னு கேப்பான், இவ ஆமாங்கம்பா. அங்க காணி இருக்கான்னு கேப்பான், ஆமாங்கம்பா. முடிஞ்சுது கத" என்றார் தலைவர். அவர் குரல் மைக் இல்லாமலே மூன்று மலைக்குக் கேட்கும். துரைமாரை மேடையில் கிழிகிழியென்று கிழிப்பார். "நான் பழக்குறேன் இவள" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

சாயங்காலங்களில் அவர் காம்பராவில் பாடம் நடந்தது. பலகைப் பெட்டியை மேசையாகப் போட்டு, பழைய கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தலைவரே, அந்தக் கோட்டுல எலி கடிச்ச ஓட்டைய மொதல்ல தைங்க" என்றாள். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று சரியாகப் பதில் சொன்னாள். "இவளுக்கு என்ன கொறச்சல்?" என்று நான்கூட நினைத்தேன். தலைவர் விவரமானவர். கண்டாக்கு ஐயா வீட்டு வேலையாளிடம் சொல்லி ஒரு பழைய தொப்பியை வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, குரலை மாற்றி, "நீ இந்தியாவுக்குப் போனாய்தானே?" என்றார்.

"ஆமாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய கடைசிப் பெண் எழுந்து வந்து தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"அந்தச் சொல்ல வேரோட புடுங்கணும்" என்றார் தலைவர். அன்றிலிருந்து தொப்பியோடுதான் பாடம். இந்தியாவுக்குப் போனியா? இல்லீங்க. அங்க காணி பூமி? இல்லீங்க. காசு அனுப்புனியா? இல்லீங்க. அங்க சொந்தக்காரங்க இருக்காங்களா? இல்லீங்க. ஆரம்பத்தில் நாலுக்கு ஒன்று தவறியது, பிறகு பத்துக்கு ஒன்று. "திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. ஒன்னக் கொழப்பத்தான் கேப்பாங்க. எத்தன தடவ கேட்டாலும் மாத்தாத. இல்லீங்கன்னே நில்லு." கடைசியில் ஒரு கேள்விக்கு மட்டும், இங்கேயே இருக்க விருப்பமா என்ற கேள்விக்கு, ஆமாங்க என்று சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா இல்லீங்கவும் சரியாக வந்த சந்தோஷத்தில் அதை ஒன்றிரண்டு முறைதான் கேட்டிருப்பார். "தலைவரே, அதையும் பழக்குங்க" என்றேன். "அது அவளுக்குத் தானா வருமே, அதுதானே அவ வியாதி!" என்று சிரித்தார்.

விசாரணை நாளன்று பனி மூடியிருந்தது. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிய அக்கா, ஹட்டன் வருவதற்குள் கண்டக்டரோடு இரண்டு முறை வாக்குவாதம் செய்தாள். தலைவருக்குத் தெம்பு வந்துவிட்டது. மேல்மாடியில் ஒரு அறை, நீள மேசை. மேசைக்குப் பின்னால் விசாரணை ஐயா. பக்கத்தில் தமிழ் பேசிச் சொல்வதற்கு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். தலைவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் சாட்சி. அக்கா இந்தத் தோட்டத்துப் பெண்தான், எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்று சொன்னதும், என்னைப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

விசாரணை ஐயாவின் தொப்பி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தியாவுக்குப் போய் வந்தனீங்களோ?" என்றார் தமிழ் சொல்பவர்.

"இல்லீங்க."

"அங்கை காணி, வீடு ஏதும் இருக்கோ?"

"இல்லீங்க."

"காசு அனுப்பினதோ?"

"இல்லீங்க."

எனக்கு நெஞ்சு பூரித்தது. குரல் கணீரென்று வந்தது. பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டார்கள், தவறாமல் சொன்னாள். பிறந்த இடம் கேட்டார்கள், சொன்னாள். விசாரணை ஐயா எழுதிக்கொண்டே போனார். கடைசியாக நிமிர்ந்து இங்கிலீசில் ஒரு கேள்வி கேட்டார்.

"இனி இஞ்சையே, இந்த நாட்டிலேயே நிரந்தரமா இருக்க விருப்பமோ?"

"இல்லீங்க."

தமிழ் சொல்பவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். உடனே மொழிபெயர்க்கவில்லை. நல்ல மனிதர். "அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இந்த நாட்டிலேயே இருக்க விருப்பமோ, இல்லையோ?"

திருப்பித் திருப்பிக் கேட்பார்கள், குழப்பத்தான் கேட்பார்கள், மாற்றாதே. அவளுடைய முதுகு நிமிர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"இல்லீங்க!"

விசாரணை ஐயா எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்தார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

படியில் கால் வைப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா புள்ள? ஒரு தடவகூட வாய் தவறல! ஒரு ஆமாங்க வந்துச்சா, சொல்லு!" கீழே போய்ப் பிள்ளைகளுக்குப் பேக்கரியில் பணிஸ் வாங்க வேண்டும் என்றாள். தலைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன ஆச்சு?" என்றார். நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அவளுக்கு எதிரேயே சொன்னேன்.

அவள் முகம் விழுந்த விதத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "நானா? நானா அப்புடிச் சொன்னேன்?" என்றாள். "அதெல்லாம் கெடையாது" என்று சொல்ல வாயெடுத்தாள், அது பாதியில் நின்றுவிட்டது.

"வாங்க, நான் பேசுறேன்" என்று தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். வாசலில் இருந்த பியோன் தடுப்பதற்குள் நாங்கள் மூவரும் மேசைக்கு முன்னால் நின்றோம். "ஐயா!" என்றார் தலைவர், மேடைக் குரலில். விசாரணை ஐயா தலையை நிமிர்த்தினார். கோபப்படக்கூட இல்லை. இவர் யார் என்று பக்கத்தில் கேட்டார். அவ்வளவுதான். தலைவரின் துண்டு தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போயிற்று. "இல்லீங்க... நான் சும்மா... மன்னிச்சுக்குங்க ஐயா" என்று பின்னால் நகர்ந்தார். மூன்று மலைக்குக் கேட்கும் குரல் அந்த மேசையைத் தாண்டவில்லை.

அக்கா அதைப் பார்த்தாள். விசாரணை ஐயாவை அவள் பார்க்கவே இல்லை. தலைவர் பக்கம் திரும்பினாள். பீலியடியில் திரும்புவது மாதிரி, இடுப்பில் கை வைத்து.

"யோவ் தலைவரே! துண்ட எதுக்குய்யா கக்கத்துல வைக்கிற? எத்தன நாளு தொப்பிய மாட்டிக்கிட்டு என்னப் பாடாப் படுத்துன! இல்லீங்க சொல்லு, இல்லீங்க சொல்லுன்னு மண்டையில அடிச்சு ஏத்திட்டு, இப்பப் பின்னால போறியா? எம் புள்ளைங்க வாயில மண்ணு விழுந்துச்சேய்யா! நான் எங்கய்யா போவேன்? கடலுக்கு அந்தாண்ட எனக்கு யாருய்யா இருக்கா? எங்கப்பன் வெட்டுன கானு இந்த மலையில ஓடிக்கிட்டிருக்கு. எங்காத்தா செத்தது இங்க. எம் புருசன இங்கதான் பொதச்சேன், ஒங்கையாலதானே குழி வெட்டுன? மூணையும் இந்த மலையிலதான் பெத்தேன். அந்த ஊருப் பேருகூட எனக்கு வாயில நொழையாது. நான் இங்கதான் இருப்பேன், இங்கதான் சாவேன். இல்லேன்னு யாராவது சொல்லட்டும், பாத்துக்கிறேன்!"

அவள் கத்தலுக்கு ஊடே ஒரு மெல்லிய குரல் கேட்டது. தமிழ் சொல்பவர், யாரும் கேட்காமலே, அவள் சொன்னதை வரிவரியாக இங்கிலீசில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் பின்தங்கிய வரிகளையும் சொல்லி முடித்துவிட்டார். குழி வெட்டியது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை என்று நினைக்கிறேன். விசாரணை ஐயா மூடிய பேனாவைத் திறந்தார். ஏதோ கேட்டார்.

"அம்மா, ஐயாவைப் பாருங்கோ" என்றார் தமிழ் சொல்பவர். "நீங்கள் இவ்வளவும் அவருக்குச் சொல்லுறீங்களோ? இஞ்சையே இருக்கப் போறன் எண்டதுதான் உங்கட மறுமொழியோ?"

அக்கா திரும்பினாள். திரும்பிய கணத்தில் தோள் இரண்டும் உள்ளே போயின. முக்காடு இறங்கியது. மேசைமேல் தொப்பி கிடக்கிறது. அவளுக்குள்ளே இருப்பது இரண்டே சொல், பிறவியிலேயே வந்தது ஒன்று, தலைவர் ஏற்றி விட்டது ஒன்று. எது முந்தும் என்று முருகனுக்குத்தான் தெரியும். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றாள்.

விசாரணை ஐயா முன்பு எழுதியதில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எழுதினார்.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தபால் நாளில் அக்காவுக்குப் பிரஜாவுரிமைக் கடிதம் வந்தது. அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும். தலைவர் லயம் லயமாகப் போய், தான் பழக்கிய பழக்கம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்கா எல்லோருக்கும் சீனி கொடுத்தாள். எங்கள் காம்பராவுக்கு வந்தபோது சீனிக் கிண்ணத்தை நீட்டாமல் வாசலிலேயே நின்றாள். அதே தபாலில் எங்களுக்கும் கடிதம் வந்திருந்தது அவளுக்குத் தெரியும். அந்தக் கருமாதிப் பயணத்தைக் காரணம் காட்டி எங்கள் விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள்.

மறுநாள் மலையில் அவள் வாயே திறக்கவில்லை. கங்காணி என்னவோ சொன்னார், அதற்கும் மறுக்கவில்லை. இரண்டு நிரை முடியும்வரை பொறுத்துப் பார்த்தேன். எனக்குத்தான் தாங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? அன்னிக்கிக் கடைசியா ஆமாங்கன்னு சொன்னீங்களே, அது யோசிச்சுச் சொன்னதா, பழக்கத்துல வந்ததா?"

அவள் கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் எறிந்துகொண்டே இருந்தாள். பிறகு கையை நிறுத்தினாள்.

"ஒங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன் புள்ள. அந்த ஐயா என்ன கேட்டாருன்னே எனக்குத் தெரியாது. வாய் அசஞ்சது தெரிஞ்சுச்சு. காதுல ஒண்ணும் விழல. அவங்க முன்னால நின்னா எனக்கு எப்பவுமே காதுல ஒண்ணும் விழாது."

சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போனாள். நான் அங்கேயே நின்றேன். எங்களுடைய விசாரணையில் எனக்கு ஒவ்வொரு கேள்வியும் தெளிவாகக் காதில் விழுந்திருந்தது.